கோட்டைக்கு ஒரு பகற்பயணம்



குடும்பத்தோடு ஒரு நாட் சுற்றுலாச் சென்று வருவது இலகுவான காரியம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வண்டி ஒன்றை வாடகைக்குப் பேசி, சோறும் கறியும் கட்டிக்கொண்டு, விடியுமுன் புறப்பட்டு நடுநிசியில் வீடு திரும்பினால் சுற்றுலா முடிந்துவிடுகிறது. மறுநாட் காலையிற் பிள்ளைகளை அழைத்து, கண்டதைச் சொல்லுமாறு கேட்டால், ஒருவர் வண்டியில் வாந்தி எடுத்த கதையும் மற்றொருவர் செருப்பைத் தொலைத்த கதையுமே வெளிவரும். சென்ற இடத்தின் பெயர்கூடச் சிலருக்கு நினைவில் இராது. இடங்களின் தொகை பெருகப் பெருக, கண்டது குறைந்துபோகும் விந்தை இது.

சம்மாந்துறையில் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். வாப்பாவுக்கு வயற்செய்கை, உம்மா வீட்டுப் பொறுப்போடு தையலும் செய்பவர். பத்தாம் வகுப்பிற் படிக்கும் மகள் ஒருத்தி, ஏழாம் வகுப்பில் ஒரு மகன், முதலாம் வகுப்பிற் புதிதாகச் சேர்ந்த கடைக்குட்டி ஒருவன். அவர்களோடு, முழங்கால் வலியுடைய எழுபத்தைந்து வயது மூத்தம்மா. மாரி வெள்ளாமை வெட்டி முடிந்து, நெல்லும் விற்றாயிற்று. எங்கேயாவது போகவேண்டும் என்று பிள்ளைகள் ஒரு மாதமாகக் கேட்டு வருகின்றனர். ஓரிரவு உணவின்பின் மகள் கொப்பியில் ஒரு பட்டியல் எழுதினாள். மட்டக்களப்புக் கோட்டை, காந்திப் பூங்கா, முகத்துவாரத்து வெளிச்சவீடு, கல்லடிக் கடற்கரை, பாசிக்குடா, காத்தான்குடி நூதனசாலை, திரும்பும் வழியில் மருதமுனையிற் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்குதல் என ஏழு இடங்கள். மூத்தம்மா பட்டியல் முழுவதையும் வாசிக்கக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி மாத்திரம் கேட்டார்.

“இவ்வளவு இடத்துக்கும் போவோம், மகன். இருப்பது எந்த இடத்தில்?”

சுற்றுலாத் திட்டம் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். எங்கே போவது என்பதைக் காட்டிலும் எங்கே இருப்பது என்பதே முதலில் முடிவாக வேண்டியது. நடக்க இயலாதவருக்கு ஏற்றவாறு வகுத்த நாள் நடக்க இயன்றவருக்கும் இனிதாகவே அமையும். இதன் மறுதலை உண்மையன்று. குடும்பத்தில் மிக மெதுவாக நடப்பவர் யார், மிக விரைவிற் பசிப்பவர் யார் என்று இருவரை முதலில் இனங்கண்டுகொண்டால், அந்நாளின் அளவு தானே புலப்படும். இவ்வீட்டில் ஒருவர் மூத்தம்மா, மற்றவன் கடைக்குட்டி.

இனி, இடம். சம்மாந்துறையைச் சுற்றி வரலாற்றுச் சிறப்புடைய இடங்களுக்குக் குறைவில்லை. துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் கிறித்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் எழுப்பியதாகச் சொல்லப்படும் தீகவாவித் தூபி ஊருக்கு அண்மையிலேயே உள்ளது. இங்கினியாகலையில் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பெருநீர்த்தேக்கம், சேனாநாயக்க சமுத்திரம் என்னும் பெயரோடு மலையடியிற் பரந்து கிடக்கிறது. தெற்கே சென்றாற் பொத்துவிற் கடலோரத்தில் மணல் மேட்டிடையே பழைய விகாரையின் கற்றூண்களைக் காணலாம். ஒவ்வொன்றும் ஒரு நாளுக்கு உரியது. எனினும் முதற் பயணத்துக்கு மட்டக்களப்புக் கோட்டையே பொருத்தமானது. வழி முழுவதும் ஊர்களும் பள்ளிவாசல்களும் கடைகளும் நிறைந்திருப்பதால், நோயாளருக்கும் குழந்தைகளுக்கும் இடர் நேர்ந்தால் உதவி கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது; அது கோட்டையை அடைந்தபின் சொல்ல வேண்டியது.

எந்த மாதத்திற் போவது? கீழ்க்கரையில் வடகீழ்ப் பருவமழை கார்த்திகையிலிருந்து தை வரை கொட்டும். அம்மாதங்களிற் பயணத்தை நினைக்கவே வேண்டாம். 2024 நவம்பர் வெள்ளத்தின்போது, சம்மாந்துறைக்கும் காரைதீவுக்கும் இடையே மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் ஒன்று நீரோட்டத்தில் அகப்பட்டு, அதில் ஏறி வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸாப் பிள்ளைகள் உயிரிழந்தனர். நாளாந்தம் கடக்கும் வழியே அன்று ஆறாயிற்று. ஆனி, ஆடி மாதங்களிலோ கச்சான் காற்று அனலாய் வீசும். முதியோர் வெளியிலே தாங்கமாட்டார். ஆகையால் அறுவடை முடிந்து, அடுத்த போகத்துக்கு வயல் உழத் தொடங்குமுன் கிடைக்கும் மாசி, பங்குனி இடைவெளியே உழவர் குடும்பத்துக்கு வாய்ப்பான காலம். நோன்பு மாதம் எப்போது வருகிறது என்பதையும் நாட்காட்டியிற் பார்த்துக்கொள்ளல் வேண்டும். ஆண்டுதோறும் ஏறக்குறைய பதினொரு நாள் முன்னோக்கி நகரும் மாதம் அது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் பொருட்டு நாள் இரண்டாகப் பிளவுபடும். சனிக்கிழமை நல்லது.

கோட்டையின் உள்ளே நீண்ட காலம் மாவட்டக் கச்சேரி இயங்கி வந்தது. இத்தகைய இடங்களிற் பொதுமக்கள் எந்நேரம் உள்ளே செல்லலாம், எப்பகுதிக்குச் செல்லலாகாது என்பவை காலத்துக்குக் காலம் மாறுவன. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே விசாரித்து அறிந்துகொள்வது, வாயிலிற் போய் நின்று காவலரோடு வாதிடுவதைக் காட்டிலும் கண்ணியமானது.

கொண்டுபோகும் பொருட்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. உம்மாமாருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. என்றாலும், அன்றைக்கென்று இரவு முழுவதும் விழித்து புரியாணி சமைத்து, பயணத்தன்று வண்டியிலே உறங்கும் உம்மாவும் உண்டு. சுற்றுலா அவருக்கும் உரியது என்பதை வீட்டார் மறந்துவிடுகின்றனர். காலைக்கு இடியப்பமும் சம்பலும், பகலுக்கு வாழையிலையிற் கட்டிய எளிய சோற்றுப் பொதியும் போதும். இல்லையேல் பகலுணவைக் காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிக்கொள்ளலாம். கொதித்தாறிய நீர், ஒரு குடை, மூத்தம்மாவின் மருந்து, விரித்துப் படுக்க ஒரு பன்பாய் ஆகிய நான்கும் மறவாதிருத்தல் வேண்டும். பாய்தான் முக்கியம். பாயை விரித்த இடமே, மூத்தம்மா கேட்ட அந்த இருக்கும் இடம்.

ஸுப்ஹுத் தொழுகை முடிந்து, தேநீர் அருந்தி, ஆறு மணிக்குப் புறப்பட்டாற் போதுமானது. தூரம் ஏறக்குறைய 45 கிலோமீற்றர். ஒன்றரை மணி நேரம் தாராளமாகப் போதும். மூத்தம்மாவை வண்டியின் இடப்பக்க யன்னலோரம் இருத்துவது நன்று. ஏனெனில் காரைதீவுச் சந்தியிலே திரும்பி வடக்கே செல்கையிற் கடல் வலப்பக்கமும், வாவி இடப்பக்கமும் அமையும். சாய்ந்தமருது, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை, பெரியநீலாவணை என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். பின்னர் கல்லாற்றுப் பாலங்களிற் காலை வெயில் பட்ட நீர்ப்பரப்புத் தோன்றும். அதற்கு அப்பாலுள்ள கரையைப் படுவான்கரை என்றும், வண்டி செல்லும் இக்கரையை எழுவான்கரை என்றும் அழைப்பர். பொழுது படும் கரையும் பொழுது எழும் கரையும். எத்துணை எளிமையான பெயர்கள்! இவற்றின் பொருளைக் கடைக்குட்டிக்குச் சொல்லி, திசையைக் கையாற் காட்டச் சொன்னால், புத்தகத்திற் கற்கும் திசைப்பாடம் அன்றே முடிந்துவிடும்.

இவ்வீதியில் தமிழூரும் முஸ்லிமூரும் மாறி மாறி வருகின்றன. காரைதீவு, யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் 1892 இற் பிறந்த ஊர். வழியின் மறுமுனையிலுள்ள கல்லடியிற் சிவானந்த வித்தியாலய வளவில் அவரது சமாதி இருக்கிறது. யாழ்நூல் அரங்கேறிய 1947 ஆம் ஆண்டிலேயே அவரும் மறைந்தார். ஓர் அறிஞரின் வாழ்வின் தொடக்கமும் முடிவும் இந்த வீதியின் இரு தலைப்புகளாய் அமைந்தன என்று பத்தாம் வகுப்பு மாணவிக்கு எடுத்துச் சொல்லலாம். அவள் அவரைப் பரீட்சைக்காக மாத்திரம் படித்திருப்பாள்.

ஆனால் இதே வீதியில் ஒரு காலத்திற் குடும்பத்தோடு சாவகாசமாய்ப் பயணம் செய்ய எவரும் நினைத்ததில்லை. 2009 வரை நீடித்த போர்க்காலத்திற் புறப்பட்டவர் திரும்பி வருவது வரை வீட்டிலுள்ளோர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தனர். 1990 ஆகஸ்ட் 3 ஆம் நாள் இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில், சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையிற் கோயிலிற் புகலடைந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் எழுந்து வந்து இரு இனத்தவர் வீடுகளையும் ஒருங்கே கொண்டுபோயிற்று. நாற்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள கோட்டையை ஒருமுறையேனும் காணாது வளர்ந்த ஒரு தலைமுறை அக்காலத்தில் உருவாயிற்று. இன்றைய பிள்ளைகளின் தாய் தந்தையர் பலர் அத்தலைமுறையினர். வாப்பா இந்த வீதியில் அவசரப்பட்டு ஓட்டச் சொல்வதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணமாயிருக்கலாம். இவற்றையெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து வயது மகள் கேட்டால் மறைக்கவும் கூடாது. மூத்தம்மா, தாம் கண்டதைத் தம் சொற்களிற் சொல்வார். வண்டியில் ஓடும் சினிமாப் பாட்டை அப்போது சற்றே நிறுத்திவைப்பது மரியாதை.

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவே நட்டுள்ள பேரீச்சை மரங்களைக் கண்டதும் கடைக்குட்டி ஆரவாரம் செய்வான். வண்டியை நிறுத்தத் தேவையில்லை; வரும்போது நிறுத்தலாம். அதனைத் தாண்டினாற் கல்லடிப் பாலம். இரும்பினால் ஆன பழைய பாலம் 1924 இல் திறக்கப்பட்டு, அந்நாளைய தேசாதிபதியின் மனைவியாரான மனிங் சீமாட்டியின் பெயரைப் பெற்றது. அதன் பக்கத்திலே இப்போதைய அகன்ற பாலம் 2013 இல் வந்தது. இவ்விடத்திற் பாடும் மீனைக் கேட்கவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பது இயல்பு. அந்த இசை நிலாக்கால இரவுகளில், காற்று அடங்கிய வேளையில், தோணியிலிருந்து துடுப்பை நீருள் விட்டுக் காதோடு அணைத்துக் கேட்பது என்பர். காலை எட்டு மணிக்கு மீனும் பாடாது. பாடினாலும் பஸ்ஸின் ஊதொலியிற் கேளாது. உள்ளதை உள்ளபடி பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதே நல்லது.

கோட்டையை எட்டு மணியளவில் அடைந்தால், வெயில் ஏறுமுன் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குமேல் அங்கே தேவையுமில்லை. புளியந்தீவிலே, நாற்புறமும் நான்கு கொத்தளங்களோடு, இரு பக்கம் வாவியும் இரு பக்கம் அகழியுமாக அமைந்த சிறிய கோட்டை அது. காலிக் கோட்டையைப் பார்த்தவர்கள் இதனைக் கண்டு, இவ்வளவுதானா என்று கேட்பர். சிறியது என்பதே இதன் சிறப்பு. முழங்கால் வலியுள்ள ஒருவரும் மதிலின் தடிப்பைக் கையால் தொட்டுப் பார்த்து, பழைய பீரங்கியின் பக்கத்தில் நின்று, ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்து முத்திரையைக் கண்டு, களைப்பின்றித் திரும்பலாம். பிள்ளைகள் அந்த முத்திரையைக் கொப்பியில் வரைந்துகொள்ளட்டும். கைத்தொலைபேசியிற் படம் பிடிப்பதற்கு ஒரு கணம் போதும். வரைவதற்குப் பத்து நிமிடம் உற்றுப் பார்க்கவேண்டும்.

சுவர்களைக் காட்டி ஆண்டுகளை ஒப்புவித்தாற் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்வர். கதையாய்ச் சொன்னாற் கேட்பர். கதை இதுதான். 1602 ஆம் ஆண்டிலே ஸ்பில்பேர்கன் என்னும் ஒல்லாந்தக் கப்பற்றலைவன் இக்கரையில் வந்திறங்கி, இங்கிருந்து கண்டிக்குச் சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டான். போர்த்துக்கேயரை விரட்டத் துணை தேடிக்கொண்டிருந்த கண்டி அரசருக்கு ஒல்லாந்தர் நண்பராகத் தோன்றினர். அதனை அறிந்த போர்த்துக்கேயர், கண்டி அரசின் கீழ்க்கரை வாயிலை அடைத்துவிடக் கருதி 1628 இற் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். பத்து ஆண்டுகள் கழிந்தன. 1638 மே மாதத்தில் வெஸ்டர்வோல்ட் என்னும் தளபதி ஒல்லாந்தக் கப்பல்களோடு வந்தான். இரண்டாம் இராசசிங்கன் படையோடு வந்தான். மே 18 ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதற் கோட்டை இதுவே.

ஐந்து நாட்களின்பின் அரசனும் ஒல்லாந்தரும் உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டனர். பிள்ளைகளுக்கு இவ்விடத்திற் கதையைச் சற்று மெதுவாகச் சொல்லல் வேண்டும். பிடிபடும் கோட்டைகளிற் படையை நிறுத்துவது ஒல்லாந்தர் என்பது ஒரு நிபந்தனை. அரசன் விரும்பினால் மாத்திரமே அவ்வாறு நிறுத்தலாம் என்னும் பொருள்பட ஒரு சொற்றொடரும் அதிற் சேர்ந்திருந்தது. ஆனால் ஒல்லாந்தரிடமிருந்த பிரதியில் அச்சொற்றொடரைக் காணவில்லை. பிற்காலத்துப் பிணக்குகள் பலவற்றுக்கு அந்த ஒரு சொற்றொடர் வித்தாயிற்று. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியதுபோல என்று சிங்கள மக்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. போர்த்துக்கேயரைப் போக்கி ஒல்லாந்தரை வருவித்ததையே அது குறிக்கிறது. ஏழாம் வகுப்பு மகன் வரலாற்றுப் பாடத்தில் இதனை ஒருவேளை மனனஞ் செய்திருப்பான். மிளகாய் இறங்கிய துறை இதுதான் என்று அவனுக்கு எவரும் காட்டியிருக்க மாட்டார். இடையிற் சிறிது காலம் கோட்டையை விட்டகன்ற ஒல்லாந்தர் 1668 இல் மீண்டும் வந்து நிலைகொண்டனர். 1795 இற் பிரித்தானியர் அவர்களிடமிருந்து கைப்பற்றினர்.

சம்மாந்துறையார் இக்கோட்டைக்கு வரவேண்டியதன் பெரிய காரணத்தை இனிச் சொல்லலாம். போர்த்துக்கேயர் கோட்டை கட்டுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், அதாவது 1626 இல், அவர்களால் மேற்குக் கரையிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்தான். அவர்களுள் ஏறக்குறைய 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அதற்கு முன்னரே கீழ்க்கரையில் வாழ்ந்த முஸ்லிம்களோடும் தமிழர்களோடும் அவர்கள் கலந்து, வயல் திருத்தி, ஊராகினர். துரத்தியவனும் துரத்தப்பட்டவனும் இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே வாவிக்கரையை அடைந்தனர். துரத்தியவன் கல்லாற் கோட்டை கட்டினான். அது கைமாறிக் கைமாறி, இன்று அவனுடைய சந்ததியார் எவரும் அதில் இல்லை. துரத்தப்பட்டவர் மண்ணால் வரம்பு கட்டினர். அவர்களுடைய சந்ததியார் இன்றும் அந்த வயலை விதைத்து அறுக்கின்றனர். இந்த மதிலடியில் நின்று இதனைச் சொல்லும்போது, வகுப்பறையிற் சொல்வதற்கில்லாத ஒரு பொருள் அதற்கு உண்டாகிறது.

இன்னொன்றும் உண்டு. மட்டக்களப்பு என்னும் பெயர் முதலிற் புளியந்தீவுக்கு உரியதன்று என்றும், வாவிவழியே தோணிகளில் தெற்கு நோக்கி வந்த பழங்காலத்தார் களப்பின் எல்லையைச் சேர்ந்து, சம்மாந்துறைப் பக்கத்துக்கே அப்பெயரை இட்டனர் என்றும், கோட்டை எழுந்தபின் பெயர் வடக்கே சென்று நகரத்தில் ஒட்டிக்கொண்டது என்றும் சொல்லும் மரபு ஒன்று மட்டக்களப்பு நாட்டில் நெடுங்காலமாக வழங்குகிறது. சம்மான் என்னும் தோணிகள் வந்து சேர்ந்த துறையே சம்மாந்துறை என்பதும் அம்மரபின் மற்றொரு கூறு. இன்று வாவி 56 கிலோமீற்றர் நீளத்துக்கு, வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை நீண்டு கிடக்கிறது. வீதியும் பாலமும் இல்லாத நாளில் இந்நீர்ப்பரப்பே பெருவீதி. கோட்டை மதிலிலிருந்து வாவியைக் காட்டி, “இந்த நீரிலே தோணியை விட்டால், அது போய்ச் சேரும் இடம் நம்முடைய ஊர்ப்பக்கம்” என்று வாப்பா சொன்னால், கடைக்குட்டி நம்பமாட்டான். மூத்தம்மா சொன்னால் நம்புவான்.

பத்து மணியாயிற்று. வெயில் கடுக்கத் தொடங்கும். இப்போது பாயை விரிக்கும் நேரம். நகரத்தின் நடுவே, வாவியை ஒட்டிக் காந்திப் பூங்கா இருக்கிறது. மர நிழலும் உண்டு, வாவிக் காற்றும் உண்டு. பலர் இந்த இடத்திலேதான் தவறுகின்றனர். பொழுது வீணாகிறதே என்று பதைத்து, பாசிக்குடாவுக்கு வண்டியைத் திருப்புகின்றனர். பாசிக்குடா வடக்கே இன்னும் முப்பது கிலோமீற்றருக்கு மேல். போய் வருவதற்குள் பகல் போய்விடும். பாயில் மூத்தம்மா காலை நீட்டி இருக்கட்டும். உம்மா சற்றுக் கண்ணயரட்டும். பிள்ளைகள் அவ்வளவு நேரம் சும்மா இருக்கமாட்டார் என்பர். முதல் அரை மணி நேரம் அவர்கள் முறையிடுவது மெய்தான். பின்பு கரையில் வலை வீசுபவரைப் பார்ப்பர். கோட்டையிற் கேட்டதைப் பற்றித் தாமாகவே கேள்வி கேட்பர். கதை சொல்லிகள் எல்லாக் காலத்திலும் அந்த அரை மணி நேரத்தைத் தாண்டிய பிறகே வாய் திறந்தனர். சலிப்புக்கு அஞ்சி அதனைத் தாண்டவிடாத பெற்றோர், பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் ஒன்றும் கேட்பதில்லை என்று பின்னர் வருந்துகின்றனர்.

மகளுக்கு விருப்பமிருந்தால், வாப்பாவும் அவளும் மாத்திரம் அருகே நடந்து, மெதடிஸ்த மத்திய கல்லூரியை வெளியிலிருந்து பார்த்து வரலாம். வில்லியம் ஓல்ட் என்னும் பாதிரியார் 1814 இல் இங்கே வந்திறங்கித் தொடங்கிய பாடசாலை அது. வந்த மறு ஆண்டிலேயே நோயுற்று இறந்தார். ஓராண்டு மாத்திரமே இருந்தவர் வைத்துச் சென்றது இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. எல்லோரும் நடக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு குடும்பம் எந்நேரமும் மந்தையைப்போல் ஒருங்கே அசைய வேண்டுமென்பது சுற்றுலாக்களைக் கெடுக்கும் மற்றொரு நினைப்பு.

ளுஹர்த் தொழுகைக்கு வாவியின் எதிர்க்கரையிலுள்ள அவுலியாப் பள்ளிவாசலை நாடலாம். சின்னஞ்சிறிய பள்ளி. ஆனால் அதன் பக்கத்தில் நின்று பார்க்கும்போதுதான் கோட்டை முழுமையாகத் தெரிகிறது; மதிலின் நீளமும், நீரில் வீழ்ந்த அதன் நிழலும் ஒரே பார்வையில் அடங்குகின்றன. காலையிற் கைக்கு அருகே கண்ட கல்லையும், நண்பகலில் நீருக்கப்பால் நின்று கண்ட கோட்டையையும் பிள்ளைகள் இரு வேறு பக்கங்களில் வரைவாராயின், இரண்டும் ஒன்றே என்பதைக் கண்டு வியப்பர்.

பகலுணவின் பின் மீண்டும் இளைப்பாறல். அஸர் வேளை நெருங்கும்போது கல்லடிக் கடற்கரை. அங்கே நீந்துவதை விடுத்து, மணலில் இருப்பதோடு அமைவது நல்லது. அவ்விடத்துக் கடலை அறிந்த மீனவர் காட்டினாலன்றி நீரில் இறங்குவது ஆகாது. கடைக்குட்டி மணலில் ஒரு கோட்டை கட்டுவான். அதற்கு நான்கு கொத்தளம் வைத்தானா என்று பார்த்தால், காலையிற் கண்டது எவ்வளவு உள்ளே சென்றது என்பது தெரியும். இதைவிட நல்ல பரீட்சை வேறில்லை, புள்ளியிடவும் வேண்டாம்.

ஐந்து மணிக்கு முன்னரே திரும்பிவிடுதல் வேண்டும். காத்தான்குடியிற் பேரீச்சை மரத்தடியில் ஐந்து நிமிடம் நிறுத்தி, காலையிற் கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம். வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டால், இரவுணவுக்கு உம்மா அடுப்பு மூட்டும் வேலை குறையும். மருதமுனைச் சேலை இன்னொரு நாளுக்கு இருக்கட்டும். களைத்த கண்ணால் துணி தெரிவு செய்தவர் எவரும் மறுநாள் மகிழ்ந்ததில்லை. மூத்தம்மாவை இம்முறை வலப்பக்க யன்னலோரம் இருத்த வேண்டும். தெற்கு நோக்கிச் செல்கையில் வாவி அப்பக்கம் வரும். கல்லாற்றுப் பாலத்தை அடையும்போது பொழுது படுவான்கரைப் பக்கம் தாழத் தொடங்கியிருக்கும். அப்பாலத்திற் சற்று மெதுவாகச் செல்லுமாறு சாரதியிடம் முன்னரே சொல்லிவைத்தாற் போதும். மாவடிப்பள்ளி வயல்வெளியைக் கடந்து, மஃரிபு பாங்கு கேட்குமுன் வீடு சேர்ந்துவிடலாம்.